கால் வலித்தால் கான்கேவை மட்டும் குறை சொல்லாதீர்கள்

கேள்வி இது: "8 அங்குல அகல ஸ்கேட்போர்டு டெக்கில் (நாம் நிற்கும் பலகை) ஓட்டிப் பழகியவன். இப்போது 8.5 அங்குலத்தில், ஆழமான கான்கேவ் (டெக்கின் நடுக்குழிவு) உள்ள டெக் ஒன்று வாங்கியிருக்கிறேன். அரை மணி நேரம் ஓட்டினாலே உள்ளங்கால் எரிகிறது, கெண்டைக்கால் இறுகிப்போகிறது. பாதி நேரம் சும்மா உருட்டிக்கொண்டு போவேன், மீதி நேரம் ஆலியும் (கையால் பிடிக்காமல் பலகையோடு எழும்புவது) கிக்ஃப்ளிப்பும் (எழும்பிப் பலகையைக் காலால் சுழற்றுவது) பழகுவேன். கோளாறு டெக்கின் வடிவத்திலா, கான்கேவிலா? எதை மாற்றுவது?"

எங்கே வலிக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. உள்ளங்கால் எரிச்சலும் கெண்டைக்கால் இறுக்கமும் ஒரே காரணத்தால் வருபவை அல்ல. முதலாவதுக்குக் கான்கேவ் மேல் சந்தேகப்படலாம். இரண்டாவது பெரும்பாலும் அகலம், ட்ரக் (வீல்களை டெக்கோடு இணைக்கும் உலோக அச்சுப் பகுதி), டெக் நிற்கும் உயரம் ஆகியவற்றின் வேலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு புது டெக் வாங்கினால் பணம்தான் போகும். தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் உள்ளங்கால். ஸ்கேட்போர்டில் பக்கவாட்டில் நிற்கும்போது பாதம் டெக்கின் குறுக்கே கிடக்கிறது. 8.5 அங்குலம் என்றால் ஏறக்குறைய 21.6 சென்டிமீட்டர். உங்கள் பாதம் 26 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்னும் பின்னும் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கான்கேவ் என்பது டெக்கின் இரு ஓரமும் மேலெழும்பி, நடு பள்ளமாக இருக்கும் அந்தக் குழிவு. ஆக, மேலெழும்பிய ஓரங்கள் பாதத்தை இரண்டே இடத்தில் முட்டுகின்றன: விரல்களுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சதைமேடு, அப்புறம் குதிகால். நடுவில், பாதத்தின் வளைவுக்குக் கீழே, தாங்குவதற்கு ஒன்றுமில்லை. குழிவு ஆழமாக ஆக, உடம்பின் எடை அந்த இரண்டு கோடுகளில் குவிகிறது. குழிவு குறைவாக இருந்தால் எடை பாதம் முழுக்கப் பரவுகிறது.

ஷூவைக் கழற்றி உள்ளங்காலைப் பாருங்கள். எரிச்சல் அந்த இரண்டு இடத்தில், கோடு போட்டதுபோல இருந்தால் அது கான்கேவ்தான். பாதம் முழுக்க ஒரே மாதிரி மரத்துப்போனதுபோல, ஊசி குத்துவதுபோல இருந்தால் கான்கேவை விட்டுவிட்டு வீலைப் பாருங்கள். 99ஏ, 101ஏ போன்ற கடினமான வீல்கள் (இந்த எண் கூடக் கூடக் கடினம் அதிகம்) கரடுமுரடான தரையின் ஒவ்வொரு சிறு மேட்டையும் அதிர்வாக டெக்குக்கு அனுப்பும், டெக் அதை அப்படியே காலுக்கு அனுப்பும். ஷூ நாடாவை இறுக்கிக் கட்டுவதாலும் இதே மரமரப்பு வரும். இது அற்பக் காரணமாகத் தெரியலாம், ஆனால் பலருக்கு இதுதான் நிஜமான காரணம்.

ஷூவின் அடிப்பாகத்துக்கும் பங்கு உண்டு. வல்கனைஸ்டு வகை ஷூவின் அடிப்பாகம் மெல்லியது, நன்றாக வளையும். டெக்கின் ஒவ்வொரு வளைவும் காலுக்குத் தெரியும். கப்சோல் வகை தடிமனானது, கொஞ்சம் விறைப்பானது. பள்ளத்தின் மேல் பாலம் போட்டதுபோல நின்று, அழுத்தத்தைப் பங்கிட்டுவிடும். ஒரே டெக்கை ஒருவர் சொகுசு என்பார், இன்னொருவர் சித்திரவதை என்பார். பல சமயம் வித்தியாசம் டெக்கில் இருப்பதில்லை, அவர்கள் போட்டிருக்கும் ஷூவில் இருக்கும்.

இன்னொரு விஷயம், பலரும் கவனிக்காதது. காலால் உதைத்துத் தள்ளும்போது முன்னங்கால் திரும்பி நேராக முன்னோக்கிப் பார்க்கிறது. அப்போது பாதம் குறுக்கே இல்லை, பள்ளத்தின் நீளவாக்கில் படுத்திருக்கிறது. பாதத்தின் அகலம் டெக்கின் அகலத்தில் பாதிதான். அதனால் ஓரங்கள் அதை அவ்வளவாக முட்டுவதில்லை. அதாவது, இடைவிடாமல் தள்ளிக்கொண்டு போகிறவருக்கு ஆழமான கான்கேவ் அவ்வளவாக உறுத்தாது. ஒரு தள்ளு தள்ளிவிட்டு நீண்ட நேரம் இரண்டு காலிலும் நின்றுகொண்டே உருள்பவருக்கு, சரிவில் இறங்குபவருக்குத்தான் அதிகம் உறுத்தும். நீங்கள் இதில் எந்த ரகம் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் கான்கேவ் எதற்கு? தட்டையாகவே செய்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். 1960களின் பலகைகள் பெரும்பாலும் தட்டையாகத்தான் இருந்தன. பின்பக்கம் மேலே வளையும் டெயிலுக்கு லாரி ஸ்டீவன்சன் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது அந்தக் காலகட்டத்தின் முடிவில்தான். 1970களின் பிற்பகுதியில் ஆலன் கெல்ஃபாண்ட் சரிவுச் சுவரில் பலகையைக் கையால் பிடிக்காமலேயே அதோடு எழும்பினார், அதுதான் ஆலி. 1980களின் தொடக்கத்தில் ராட்னி மல்லன் அதைச் சமதரையில் செய்து காட்டினார். அதன் பிறகு ஸ்கேட்டிங்கின் போக்கே மாறியது. பலகை நின்று உருள்வதற்கான பொருளாக மட்டும் இருக்கவில்லை, காற்றில் சுழற்றிப் பிடிக்கிற பொருளாகவும் ஆனது. 1990களின் தொடக்கத்தில் இரு முனையும் வட்டமான, இரு பக்கமும் மேலே வளைந்த பாப்சிகிள் வடிவம் நிலைத்தது. இன்றைக்கு நாம் "சாதாரண டெக்" என்று சொல்வது அந்த வடிவத்தைத்தான். அதன் கான்கேவ் சொகுசை மனதில் வைத்து உருவானதல்ல.

கான்கேவ் செய்யும் வேலைகள் மூன்று. ஒன்று விறைப்பு. ஒரு தாளைத் தட்டையாக ஒரு முனையில் பிடித்தால் தொங்கிவிடும், நடுவில் லேசாகக் குழித்துப் பிடித்தால் நேராக நிற்கும். ஏழு அடுக்கு மேப்பிள் மரத்துக்கும் அதே கதைதான். அந்த ஏழில் வழக்கமாக ஐந்தின் ரேகை நீளவாக்கில் ஓடும், இரண்டின் ரேகை குறுக்கே ஓடும். அந்த அமைப்பும் குழிவும் சேர்ந்துதான் மெல்லிய டெக்கைத் தாவிக் குதித்தாலும் தாங்க வைக்கின்றன. இரண்டாவது வேலை, காலுக்கு இடம் காட்டுவது. கண்ணால் கீழே பார்க்காமலேயே விளிம்பு எங்கே என்று பாதத்துக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது, நெம்பு பலம். விளிம்பு உயர்ந்திருப்பதால் விரல்நுனியால் லேசாக அழுத்தினாலே பலகை சாய்கிறது. கிக்ஃப்ளிப் அடிக்கும்போது முன்னங்கால் உரசிக்கொண்டு வெளியே போகும் கடைசி நொடியில் அந்த உயர்ந்த விளிம்புதான் பிடி கொடுக்கிறது. ஆழமான கான்கேவில் டெக் வேகமாகச் சுழலும். ஆழம் குறைந்ததில் கொஞ்சம் சோம்பலாகச் சுழலும், ஆனால் இறங்கும்போது கால் பதிய நல்ல பரப்பு கிடைக்கும்.

எனவே கான்கேவை நல்லது, கெட்டது என்று பிரிப்பதில் அர்த்தமில்லை. கட்டுப்பாடு வேண்டுமென்றால் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும். எவ்வளவு என்பதைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

கான்கேவ் வகைகளின் பெயர்களில் அதிகம் மயங்க வேண்டாம். சீரான வில்போல வளைவது ரேடியல். ஓரத்தை நெருங்க நெருங்கச் செங்குத்தாவது ப்ரோக்ரெஸிவ். நடுவில் தட்டையாக இருந்து ஓரத்தில் மட்டும் திடீரென எழும்புவது டப். இதில் கடைசி வகையைப் பெயரை வைத்துச் சொகுசு என்று நினைத்துவிட வேண்டாம். நடு தட்டையாக இருந்தாலும் ஓரம் எழும்பும் இடத்தில் ஒரு முனை இருக்கும், அது சரியாகக் காலின் சதைமேட்டுக்குக் கீழே வந்தால் ரேடியலை விட அதிகம் உறுத்தும். லாங்போர்டுகளில் (நீண்ட பலகைகள்) வரும் டபிள்யூ கான்கேவ்தான் எனக்குச் சுவாரசியமானது. நடுவில் ஒரு சிறு மேடு இருக்கும், பாத வளைவுக்கும் டெக்குக்கும் இடையே உள்ள வெற்றிடத்தை அது நிரப்பும். சிலருக்கு அது சொர்க்கம், தட்டைப் பாதம் உள்ளவர்களுக்கு அதுவே தொல்லை. கடையில் அதன் மேல் நின்று பார்க்காமல் வாங்கக் கூடாத ஒன்று உண்டென்றால் இதுதான்.

சரி, கெண்டைக்காலுக்கு வருவோம். இங்கேதான் உங்கள் பிரச்சினையின் பெரும்பகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் 8.5 டெக்கை எந்த ட்ரக்கில் மாட்டினீர்கள்? பழைய 8 அங்குல ட்ரக்கையே கழற்றி மாட்டியிருந்தால், டெக்கின் ஓரம் ஒவ்வொரு பக்கமும் ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வீலைத் தாண்டி வெளியே நிற்கும். ஆறு மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் விளிம்பில் எடை விழும்போது அதற்குக் கீழே வீல் இல்லை. பலகை சட்டென்று சாய்கிறது. அதோடு கான்கேவும் ஆழம், விளிம்பும் உயரம், நெம்பு பலம் ஏற்கனவே அதிகம். இரண்டும் சேர்ந்தால் பலகை எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் விழத் துடித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் உணராமலேயே கணுக்கால் நொடிக்கு நொடி அதைச் சமன் செய்துகொண்டிருக்கும். கணுக்காலை இழுத்துப் பிடிக்கும் தசை கெண்டைக்காலில்தானே இருக்கிறது. அரை மணி நேரத்தில் இறுகாமல் என்ன செய்யும்?

இதைச் சரிபார்ப்பது சுலபம். போர்டைத் தரையில் வைத்து நேர் மேலிருந்து பாருங்கள். வீலின் வெளிப்பக்கம் டெக்கின் ஓரத்தோடு ஏறக்குறைய ஒட்டி வர வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் இப்படி அப்படி இருந்தால் பரவாயில்லை. ட்ரக்கின் அச்சு நீளத்தையும் பார்த்துவிடுங்கள். இண்டிபென்டண்ட் ட்ரக்கில் 139 என்றால் 8 அங்குலம், 144 என்றால் 8.25, 149 என்றால் 8.5. மற்ற நிறுவனங்களின் எண் கணக்கு வேறு, எண்ணைப் பார்த்து ஏமாறாமல் அச்சு நீளத்தைக் கேளுங்கள். ட்ரக் பொருந்தவில்லை என்றால் மற்ற ஆராய்ச்சி எல்லாம் அப்புறம், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். புது ட்ரக் வாங்க இப்போது வசதி இல்லையென்றால், கிங்பின் நட்டை (ட்ரக்கின் நடு போல்ட்டில் இருப்பது) கால் சுற்று இறுக்கி, அல்லது சற்றுக் கடினமான புஷிங் (அந்த போல்ட்டைச் சுற்றியிருக்கும் மெத்தை வளையம்) போட்டு ஓட்டிப் பாருங்கள். சாய்வு குறைந்ததும் கெண்டைக்கால் ஆறினால் நோய் எதுவென்று தெரிந்துவிட்டது.

அகலத்தைப் பற்றி ஒரு நுணுக்கம். டெக்கின் அடியில் அச்சடித்திருக்கும் 8.5 என்பது அதன் மிக அகலமான இடத்தின் அளவு. பல டெக்குகள் நடுவில் 8.5 இருந்து, ட்ரக்கை மாட்டும் போல்ட் பக்கம் வரும்போது குறுகிவிடும். நாம் நிற்பது நடுவில் அல்ல, போல்ட்டுகளுக்கு மேல். அதனால் இரண்டு 8.5 டெக்குகள் காலுக்கு இரண்டு விதமாகத் தெரியும். முன்பக்கம் அகன்று பின்பக்கம் ஒடுங்கும் முட்டை வடிவம், மீன் வடிவ டெக்குகளில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். பின்னங்காலுக்கு இடம் போதவில்லை என்று புகார் சொல்பவர்கள் பெரும்பாலும் இவற்றை ஓட்டுபவர்கள். கான்கேவும் அகலத்தில் விளையாடும். ஆழமான குழிவில் நிற்கும்போது, ஓரங்கள் உள்ளே அணைப்பதால் டெக் அதன் எண்ணை விடக் குறுகலாக உணரப்படும். ஆழமான கான்கேவ் 8.5 பலருக்கு ஆழம் குறைந்த 8.25 போலத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

டெக்கின் மொத்த நீளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், தெருவில் ஓட்டும் டெக்குகள் பெரும்பாலும் 31.5 முதல் 32.5 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். பார்க்க வேண்டியது வீல்பேஸ், அதாவது முன் ட்ரக்கின் உள் போல்ட் துளைக்கும் பின் ட்ரக்கின் உள் போல்ட் துளைக்கும் இடையேயான தூரம். பொதுவாக 14 முதல் 14.5 அங்குலம். கூடினால் நிதானமாக உருளும், திருப்பம் மந்தமாகும், கால்களை அகட்டி நிற்க இடம் கிடைக்கும். குறைந்தால் சுறுசுறுப்பாகத் திரும்பும், ஆனால் உயரமானவர்களுக்குக் கால்கள் நெருங்கிப்போய் இடுப்பும் முட்டியும் அலுத்துவிடும். கால் அங்குல வித்தியாசத்தையே உடம்பு கண்டுபிடித்துவிடும்.

நோஸும் (முன்முனை) டெயிலும் (பின்முனை) எங்கே வளையத் தொடங்குகின்றன என்பதும் சொகுசில் சேர்ந்ததே. சில டெக்குகளில் போல்ட்டுகளுக்குப் பின்னால் கொஞ்சம் சமதளம் இருந்து, பிறகுதான் டெயில் மேலே எழும்பும். சிலவற்றில் போல்ட்டைத் தாண்டியதுமே எழும்பிவிடும். இரண்டாவது வகை ஆலிக்குத் துடிப்பாக இருக்கும். ஆனால் சும்மா உருளும்போது பின்னங்கால் பாதி போல்ட்டின் மேலும் பாதி சரிவின் மேலும் நிற்கும், பாதம் கோணலாகவே இருக்கும். இந்தக் கோணமும் கெண்டைக்காலைத் தொந்தரவு செய்யும். பின்னங்கால் மட்டும் இறுகுகிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். முன்னங்கால் மட்டும் என்றால் அடுத்த பத்தியைப் படியுங்கள்.

தள்ளும்போது ஒற்றைக் காலில், முன்னங்காலில், நிற்கிறோம். மற்றக் கால் தரையைத் தொட வேண்டும். டெக் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு முன்னங்கால் முட்டியை மடக்க வேண்டும். ஒவ்வொரு தள்ளலும் ஒரு சிறு ஒற்றைக்கால் உட்கார்ந்தெழல். பெரிய வீல், உயரமான ட்ரக், அதற்கு மேல் ரைசர் (ட்ரக்குக்கும் டெக்குக்கும் இடையே வைக்கும் தட்டு) என்று அடுக்கிக்கொண்டே போனால் தொடையும் கெண்டையும் கணக்குச் சொல்லும். நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் ட்ராப்-த்ரூ லாங்போர்டை விரும்புவது இதனால்தான். அதில் ட்ரக்கை டெக்கின் ஊடாகச் சொருகி மாட்டுவதால் நிற்கும் இடம் தரைக்கு நெருங்கி வந்துவிடுகிறது. அவற்றில் பல மூங்கில் கலந்தவை, நின்றால் கொஞ்சம் அமுங்கி அதிர்வை விழுங்கும். ஏழடுக்கு மேப்பிள் சிறு டெக்கில் அந்த அமுக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

வாங்கும்போது எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். அட்டையில் எழுதியிருக்கும் "மெல்லோ", "மீடியம்", "ஸ்டீப்" என்பவற்றுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் ஸ்டீப். போதாக்குறைக்கு, ஒரே அச்சில் பல டெக்குகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி அழுத்தும் முறையில், அடுக்கின் மேலே இருந்ததற்கும் கீழே இருந்ததற்கும் குழிவில் வித்தியாசம் வரும். அதனால் ஒரே மாடல், ஒரே அளவு, ஒரே படம் போட்ட இரண்டு டெக்குகள்கூட அச்சு அசலாக இருக்காது. டெயிலைக் கண்ணருகே பிடித்து நோஸ் வரைக்கும் நீளவாக்கில் பார்த்தால் குழிவின் உருவம் தெரியும். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், போல்ட் துளைகள் இருக்கும் இடத்தில் ஒரு நேரான அடிக்கோலைக் குறுக்கே வைத்து, அதற்கும் பள்ளத்தின் அடிக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். உங்கள் பழைய 8 அங்குல டெக்கில் அதே அளவை எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் ஒப்பிட ஒரு எண் இருக்கும். அப்புறம், கடைக்காரர் அனுமதித்தால் டெக்கைத் தரையில் போட்டு, ஓட்டும்போது போடும் ஷூவோடு சில நிமிடம் அசையாமல் நில்லுங்கள். ஐந்து நொடி நின்றால் எல்லா டெக்கும் நன்றாகத்தான் இருக்கும்.

உங்களுக்கு என் யோசனை: முதலில் ட்ரக் அகலம், நட்டின் இறுக்கம். அடுத்து வீல். பாதி நேரம் உருட்டத்தான் என்கிறீர்கள், அதனால் தூரம் போகும் நாட்களுக்கு 78ஏ அளவில் ஒரு செட் (நான்கு) மென்மையான வீல் வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் 54, 56 மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் போனால் ரைசர் தேவைப்படலாம், உயரம் கூடும். இந்த இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். புது டெக்குக்குப் பாதத் தசைகள் பழகச் சில வாரம் ஆகும், அந்த அவகாசத்தையும் கொடுங்கள். காலை எழுந்ததும் முதல் அடி வைக்கும்போதே குதிகால் வலிக்கிறது என்றாலோ, ஓட்டாத நாளிலும் வலி இருக்கிறது என்றாலோ போர்டை ஓரம் வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த இரண்டு கோடுகளில் எரிச்சல் தொடர்ந்தால், இந்தக் கான்கேவ் உங்கள் காலுக்கு ஆகவில்லை. அடுத்த டெக்கை 8.25 அங்குலத்தில், ஆழம் குறைந்தது முதல் நடுத்தரம் வரையிலான ரேடியல் குழிவோடு, வீல்பேஸ் 14.25 பக்கத்தில் வாங்குங்கள். கிக்ஃப்ளிப் ஒரு வாரம் தாமதமாகச் சுற்றும், பிறகு கால் கற்றுக்கொள்ளும். ட்ரக் ஏற்கனவே 8.5க்கு மாற்றியிருந்தால் மட்டும் அகலத்தைத் தொடாதீர்கள். 8.5லேயே ஆழம் குறைந்ததாகத் தேடுங்கள், இல்லாவிட்டால் இந்தத் தடவை வீல் வெளியே நீட்டிக்கொண்டு, தள்ளும் காலின் குதிகாலில் இடிக்க ஆரம்பிக்கும்.